பொருள் சொல்லக் கூசாத சொல்

சாயர்புரத்தில் எங்கள் தெருவில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் வாழ்கிறார். கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, வாழ்க்கைப்பட்டு இங்கு வந்தவர். தெருவார் அனைவருக்கும் அவர் ஆச்சி. பள்ளிப் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றுபோயிற்று. செபம் மட்டும் ஒருநாளும் நின்றதில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் முற்றத்தில் அமர்ந்து, உடலை முன்னே வளைத்து, உரத்த குரலில் செபமாலை சொல்வார். அவர் சொல்லும் சொற்களை இன்றைய செபப் புத்தகத்தில் காண முடியாது. 'தூய ஆவி' என்று நாம் சொல்லும் இடத்தில் அவர் 'இஸ்பிரீத்து சாந்து' என்பார். 'புனித' என்பது அவருக்கு 'அர்ச்சியசிஷ்ட'. வானதூதர் அவருக்கு இன்றும் 'சம்மனசு'. அவருடைய தாய் அப்படித்தான் சொன்னார். தாயைப் பெற்றவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

ஒரு மாலைப்பொழுதில் ஆச்சியின் பேரன், கல்லூரியில் படிக்கும் பிள்ளை, அந்தச் செபத்தைக் கைபேசியில் சில வினாடிகள் படம்பிடித்தான். அதன் மேல் 'க்ரிஞ்ச்' என்ற ஒற்றைச் சொல்லை எழுதித் தன் நண்பர் குழுவுக்கு அனுப்பினான். படம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிற்று. இரண்டு நாள் கழித்து அடுத்த வீட்டுச் சிறுமி அதை ஆச்சியிடமே காட்டிவிட்டாள். தம் முகத்தைத் திரையில் கண்ட ஆச்சிக்கு முதலில் மகிழ்ச்சிதான். பிறகு, பார்த்தவர்கள் சிரிப்பதைக் கவனித்திருக்கிறார். மறுநாள் என்னை வழிமறித்துக் கேட்டார்:

"வாத்தியாரய்யா, 'கிரிஞ்சு'ன்னா என்ன? பயலுவ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கானுவளே!"

முப்பதாண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். சொல்லுக்குப் பொருள் சொல்வது என் தொழில். காண்பவர் உடல்கூசிக் குறுகும்படி இருப்பது என்பதே அச்சொல்லின் இன்றைய பொருள் என்பதை அறிவேன். ஆனால் நான் சொன்னது இதுதான்:

"பழைய காலத்துன்னு அர்த்தம் ஆச்சி. அவ்வளவுதான்."

"அப்படியா? பழசுதானே!" என்று தலையசைத்துவிட்டு ஆச்சி போய்விட்டார். என் மனம் மட்டும் அங்கேயே நின்றது. நான் செய்தது அன்பா, பொய்யா? அந்தப் பிள்ளை செய்தது குற்றமா, விளையாட்டா? இவ்வாறு நாள்தோறும் புதிதாய் வந்து இறங்கும் சொற்களை நாம் என்ன செய்வது? வாயிலில் நிறுத்துவதா, உள்ளே அழைப்பதா? இந்த வினாக்களை வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதிவேடும் ஆசீரும்

2025 ஆகஸ்டு மாதத்தில் கேம்பிரிட்ஜ் அகராதி, கடந்த ஓராண்டில் தான் சேர்த்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய சொற்களையும் தொடர்களையும் பொருள்களையும் பற்றி அறிவித்தது. 'ஸ்கிபிடி', 'டெலுலு' போன்ற இணையச் சொற்களும் அவற்றுள் இருந்தன. சிறுவர்கள் பொருளின்றியே கூவித் திரியும் ஒரு சொல்லுக்கு அகராதியில் நாற்காலியா என்று பலர் வருந்தினார்கள். 2016-இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 'ஐயோ' என்பதைச் சேர்த்தபோது நம்மவர் மகிழ்ந்தோம். நம் சொல் அங்கே போனால் பெருமை. பிறர் சொல் இங்கே வந்தால் சீரழிவு. இந்த இரட்டை அளவுகோலை முதலில் கீழே வைத்துவிட்டுப் பேசுவது நேர்மை.

அகராதியில் ஒரு சொல் சேர்கிறது என்றால் அதற்கு என்ன பொருள்? இது நல்ல சொல், இதை வழங்குக என்று அறிஞர் கையொப்பமிட்டார்கள் என்றே பலர் எண்ணுகிறோம். அகராதி செய்வோர் சொல்வது வேறு: இச்சொல் மக்கள் நாவில் உலவுகிறது, இன்ன பொருளில் உலவுகிறது என்று சான்று தருவதே அவர்கள் வேலை.

கத்தோலிக்கருக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்க வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்குப் பதிவேடு உண்டு. 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் அத்தகைய ஏடுகளைக் கடமையாக்கியது. பங்குத்தந்தை அதில் ஒரு குழந்தையின் பெயரை எழுதும்போது, அது பிற்காலத்தில் புனிதராகும் என்று உறுதி கூறுவதில்லை. செல்வர் வீட்டுக் குழந்தைக்குப் பெரிய எழுத்து, ஏழை வீட்டுக் குழந்தைக்குச் சிறிய எழுத்து என்று எழுதுவதுமில்லை. பிறந்தது, பெயர் பெற்றது, இன்ன நாள் என்று மட்டுமே எழுதுகிறார். அதே அறையில் மரணப் பதிவேடும் இருக்கிறது. அகராதி இவ்விரண்டு ஏடுகளும் ஒன்றாய்க் கட்டப்பட்ட புத்தகம் என்பேன். அதில் பிறந்த சொல்லும் உண்டு, இறந்த சொல்லும் உண்டு.

கடல் வழி வந்த சொற்கள்

புதுச்சொல் வருகை நம் கரைக்குப் புதிதன்று. நம் முத்துக்குளித்துறைக்கு இணையம் வருவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கப்பல் வந்தது. கப்பலோடு சாவி வந்தது, சன்னல் வந்தது, அலமாரி வந்தது, மேசை வந்தது, ஏலம் வந்தது, பீப்பாய் வந்தது. பாதிரியும் வந்தார். இவையெல்லாம் போர்த்துகீசியச் சொற்கள். இன்று யாரும் இவற்றை அயலார் என்று எண்ணுவதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தேடும்போது, தமிழ் கெட்டது என்று யாரும் வருந்துவதுமில்லை. போனவையும் உண்டு: இக்கரையின் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆகி உலகக் கடல்களை எல்லாம் சுற்றுகிறது.

பொருள்களுக்கான சொற்கள் எளிதில் வந்தன. விசுவாசத்திற்கான சொற்களில்தான் போராட்டம். 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார், இரு மொழியும் ஓரளவு அறிந்த உள்ளூரார் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து கற்பித்தார். அவருக்குப் பின் வந்த ஹென்றிக்கு ஹென்றிக்கஸ் அடிகள், நம் மக்கள் அண்ட்ரிக் அடிகளார் என்று போற்றுபவர், புன்னைக்காயலில் நெடுங்காலம் வாழ்ந்து தமிழ் கற்றார். 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சான அவருடைய சிறு நூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. இறைவனுக்கு அவர் தேர்ந்த சொல் 'தம்பிரான்'. பின்னர் 'சருவேசுரன்' என்றோம். இன்று 'கடவுள்' என்கிறோம், 'இறைவன்' என்கிறோம். ஆண்டவர் மாறவில்லை, அவரை அழைத்த நாவுகள் மாறின.

1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி இன்னொன்றைக் கண்டார். திருமுழுக்குப் பெற வருவோரிடம், பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்ற பொருள்பட வினவும் வழக்கம் அந்நாளில் இருந்தது. 'பறங்கி' என்ற சொல் மக்கள் செவியில் இழிவாய் ஒலித்தது. ஒரே ஒரு சொல் நற்செய்திக்கும் மக்களுக்கும் நடுவே சுவராய் நின்றதை உணர்ந்த அவர், தாம் பறங்கி அல்லர் என்று மறுத்துப் புதிய சொற்களைத் தேடினார். இன்று அந்தப் 'பறங்கி' எங்கே? பறங்கிக்காயாகச் சமையலறையில் கிடக்கிறது. வசைச்சொல்லின் நஞ்சு வடிந்து, குழம்பில் போடும் காயாக மட்டும் எஞ்சியது. எச்சொல்லைக் கண்டும் நிரந்தரமாய் அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

மதுரை மறைத்தளத்தில் உழைத்த அந்தாவோ தெ புரோவென்சா அடிகளின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி, அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு 1679-இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்நூலில் புலவர் வழக்கோடு பொதுமக்கள் பேச்சும் இடம்பெற்றது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியைக் கொண்டு அதனை 1966-இல் கோலாலம்பூரில் மீண்டும் வெளியிட்டவர் நம் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் எப்படிப் பேசினர் என்று இன்று அறிய விரும்புவோர் அந்த ஏட்டைத்தான் புரட்ட வேண்டும். சந்தைப் பேச்சு எனக்கு எதற்கு என்று அந்த அடிகள் எண்ணியிருந்தால் அக்குரல்கள் காற்றோடு போயிருக்கும்.

வீரமாமுனிவர் இரு தமிழையும் தனித்தனியே மதித்தவர். 1732-இல் அவர் முடித்த 'சதுரகராதி' செய்யுள் தமிழுக்கு உரியது. அதற்கு முன்பே, மக்கள் பேசும் தமிழுக்கென்று இலத்தீனில் 'கொடுந்தமிழ்' இலக்கணம் எழுதினார்; 1738-இல் அது தரங்கம்பாடியில் அச்சாயிற்று. 'தேம்பாவணி' பாடிய புலவர், தெருப்பேச்சுக்கு இலக்கணம் எழுதுவதைத் தாழ்வாக நினைக்கவில்லை.

உயர்ந்தோர் யார்?

நம் இலக்கண மரபு புதுமைக்குக் கதவடைத்தது அன்று. தொல்காப்பியர் சொற்களை நால்வகையாய்ப் பகுத்தபோது, இயற்சொல், திரிசொல் என்பவற்றோடு திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் தந்தார். வந்த சொல் தமிழ் எழுத்தை உடுத்திக்கொள்ள வேண்டும் என்பதே அவர் இட்ட நிபந்தனை. நன்னூலின் இறுதிச் சூத்திரமோ, பழையவை போவதும் புதியவை வருவதும் காலத்தின் இயல்பு, குற்றமன்று என்று அமைதி கூறி முடிகிறது.

ஆயினும் தொல்காப்பியம் இன்னொன்றும் சொல்கிறது. வழக்கு என்பது உயர்ந்தோரைப் பற்றி நிற்பது என்பது அதன் மரபியல் கருத்து. அப்படியானால் உயர்ந்தோர் யார்? கற்றவரா, செல்வரா, பிறப்பால் தம்மை மேலோர் என்று சொல்லிக்கொண்டவரா? இந்த வினாவிற்குத் தமிழ் அகராதிகளின் வரலாறே படிப்படியாக விடை சொல்லியிருக்கிறது.

அவ்விடையில் எங்கள் சாயர்புரத்திற்கும் பங்குண்டு. இது நம் திருச்சபையினரால் உருவான ஊர் அன்று. சீர்திருத்தச் சபையினரின் ஊர். 1840-களில் இங்கே கல்விக்கூடம் நடத்தியவர் ஜி.யு. போப். 'போப்பையர்' என்று மக்கள் அழைத்த அவர் 1886-இல் திருக்குறளையும் 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலமாக்கினார். முதுமையில், வின்சுலோவின் 1862-ஆம் ஆண்டு அகராதியைத் திருத்திப் பெருக்கும் எண்ணத்தோடு சொற்களைத் திரட்டினார். 1908-இல் அவர் மறைந்தபின் அத்திரட்டு சென்னை அரசிடம் சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்கு அது ஒரு வித்தாயிற்று. வையாபுரிப்பிள்ளை போன்றோர் உழைப்பில் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளும், 1939-இல் பின்னிணைப்பும் வந்தன. இலட்சத்தைத் தாண்டிய அச்சொற்களிடையே வட்டார வழக்குகளும் கிறிஸ்தவ வழக்குகளும் உரிய குறிப்போடு அமர்ந்திருக்கின்றன.

1982-இல் கி. ராஜநாராயணன் கரிசல்காட்டு மக்களின் சொற்களை மட்டும் திரட்டி வட்டார வழக்கு அகராதி வெளியிட்டார். உழவரும் இடையரும் ஒரு மொழியின் உயர்ந்தோர் வரிசையில் அமர்ந்தனர். 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்று எழுதப்படும் தமிழையே சான்றாகக் கொண்டது. 2008-இலும் 2020-இலும் திருத்திப் பெருக்கப்பட்டது. இலங்கைத் தமிழரின் சொற்களுக்கும் இடம் தந்தது. 2004-இல் 'ஆழி சூழ் உலகு', 2009-இல் 'கொற்கை' ஆகிய நாவல்களில் ஜோ டி குருஸ் நம் பரதவர் பேச்சை இலக்கியத்தில் ஏற்றினார். பின்னது 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கரையில் மட்டும் கேட்ட சொற்கள் நூலகத்தில் கேட்கலாயின.

இதன் அருமை இழப்பு நேர்ந்தால்தான் தெரியும். முத்துக்குளிப்புக் காலத்திற்கு நம் கரையில் 'சலாபம்' என்று பெயர். சிப்பி படியும் கடலடித் திட்டைப் 'பார்' என்பார்கள். 1961-க்குப் பிறகு இங்கே சலாபம் நடக்கவில்லை. தொழில் போனால் சொல்லும் போகும். கரையில் இருபது வயதுப் பிள்ளையிடம் சலாபம் என்று சொன்னால் விழிப்பான். அகராதி அச்சொல்லைக் காத்து வைத்திருப்பதால், மூச்சடக்கி மூழ்கிய மனிதரின் நினைவும் காக்கப்படுகிறது.

ஆகவே, இணையச் சொற்கள் அகராதியில் இடம்பெறலாமா என்ற வினாவிற்கு என் விடை: நிலைத்து வழங்கினால் இடம்பெறட்டும். 'இணையம்', 'மின்னஞ்சல்', 'கடவுச்சொல்' என்று அறிஞர் ஆக்கியவை வேரூன்றிவிட்டன. 'மொக்கை', 'கலாய்த்தல்', 'சொதப்பல்', 'கெத்து' என்று இளைஞர் ஆக்கியவையும் வேரூன்றிவிட்டன. எது நிற்கும், எது உதிரும் என்று காலம் தீர்ப்புச் சொல்லும். பதிவேட்டின் மீது நாம் கோபிக்கத் தேவையில்லை.

வேலியான மேசை

விவாதம் இத்துடன் முடிந்துவிட்டால் நலமாயிருக்கும். முடியவில்லை. ஆச்சியின் முகம் குறுக்கே வருகிறது.

'மேசை' என்னும் அப்பாவிச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது கப்பலில் வந்த மரப்பொருளின் பெயர். ஆனால் முத்துக்குளித்துறையில் அது 'மேசைக்காரர்' என்று வளர்ந்தது. மேலோர் குடும்பங்களை அது குறித்தது. ஏனையோரை மேசைக்கு வெளியே நிறுத்தியது. ஒரே திருமுழுக்குப் பெற்று, ஒரே திருப்பந்தியில் அமர்ந்த மக்களிடையே, உணவு வைக்கும் பலகையின் பெயரால் வேலி எழுந்தது. சொல்லா வேலியிட்டது? இல்லை, மனிதர் இட்டனர், சொல் கைக்கருவியாயிற்று. இச்சொல்லை அகராதியிலிருந்து நீக்கினால் அந்த வரலாறு நேராகிவிடாது. மறைந்துபோகும், அவ்வளவே. காயத்தின் பெயரை அழித்துவிட்டுக் காயமே இல்லை என்பது மருத்துவம் ஆகாது. ஆதலால் வசைச்சொல்லும் பதிவு பெற வேண்டும்; இழிவழக்கு என்னும் குறியோடு பெற வேண்டும்.

ஆனால் இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. ஒரு சொல் வழங்குகிறதா என்பது அகராதி கேட்கும் கேள்வி. அதை நான் வழங்கலாமா என்பது மனச்சான்று கேட்கும் கேள்வி. முதல் கேள்விக்கு ஆம் என்பதால் இரண்டாவதற்கும் ஆம் என்று ஆகிவிடாது. "அகராதியிலேயே இருக்கிறதே" என்பது ஒப்புரவுத் தொட்டியில் சொல்லத்தக்க சமாதானம் அன்று. வீணாய்ப் பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஆண்டவர் எச்சரித்தார். நாவு சிறு தீப்பொறி, பெருங்காட்டை எரிக்கும் என்று புனித யாக்கோபு எழுதினார். அவர்கள் காலத்தில் ஒரு சொல் ஒரு தெருவைக் கடக்க நேரம் பிடித்தது. இன்று ஆச்சியின் முற்றத்தில் பற்றிய பொறி இரண்டு நாளில் எத்தனை திரைகளில் எரிந்ததோ, அனுப்பிய பிள்ளைக்கே தெரியாது.

புதுச்சொல்லால் நன்மையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நீதி ஆகாது. ஆக்ஸ்போர்டு நிறுவனம் 2025-ஆம் ஆண்டின் சொல்லாக 'ரேஜ் பெய்ட்' என்பதைத் தேர்ந்தது. காண்போர் சினம் கொள்ள வேண்டும் என்றே திட்டமிட்டு இணையத்தில் இடும் பதிவை அது குறிக்கும். நம் கரை மொழியில் சொன்னால், சினத்தை இரையாகக் கோத்த தூண்டில். இச்சொல்லைக் கேட்டபின்புதான் நானும் பலமுறை அத்தூண்டிலைக் கவ்வியவன் என்று எனக்கு உறைத்தது. பெயரில்லாத தீமையை அறிக்கையிடுவது கடினம். 1580-இல் ஹென்றிக்கஸ் அடிகள் பாவசங்கீர்த்தனத்திற்கு உதவும் நூல் ஒன்றைத் தமிழில் அச்சிட்டபோது, மனத்தின் குற்றங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடித்தான் உழைத்திருப்பார். புதிய பாவங்களுக்குப் பெயர் சூட்டும் சொற்கள் நம் ஆன்ம ஆய்வுக்கு உதவும். அவற்றை நான் வரவேற்கிறேன்.

சொற்கள் தரம் மாறுவதும் உண்டு. 'நாற்றம்' ஒருகாலத்தில் நறுமணம். இன்று மூக்கைப் பொத்துகிறோம். மறுபுறம், 'கிறிஸ்தவர்' என்னும் பெயர் அந்தியோக்கியாவில் முதலில் வழங்கிற்று என்று திருத்தூதர் பணிகள் கூறுகின்றன. அது வெளியார் இட்ட பெயர் என்றே விவிலிய அறிஞர் பலர் கருதுகின்றனர். பிறர் சூட்டியதை நம் முன்னோர் தலையில் ஏந்திச் சிங்கங்களின் முன் நின்றனர், பெயர் உயர்ந்தது. சொல்லின் மானம் அதைத் தாங்குவோரின் வாழ்வில் இருக்கிறது.

பொருள் சொல்லும் சோதனை

மீண்டும் ஆச்சியின் கேள்விக்கு வருகிறேன். நான் ஏன் உண்மையான பொருளைச் சொல்லவில்லை? அவரை நோகடிக்கக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதை ஒப்புக்கொள்ள நாணுகிறேன்: அந்தப் பொருளை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு நா எழவில்லை. அப்பொழுதுதான் ஓர் அளவுகோல் கிடைத்தது.

நான் ஒருவரைக் குறித்து ஒரு சொல்லை வழங்குகிறேன். அதன் பொருள் என்ன என்று அவரே என்னைக் கேட்டால், அவர் கண்ணைப் பார்த்து என்னால் சொல்ல முடியுமா? முடியுமென்றால், அச்சொல் எவ்வளவு புதியதாயினும், எவ்வளவு கொச்சையாயினும், அதில் பெருங்கேடில்லை. முடியாதென்றால், அது சங்க இலக்கியத்திலேயே இருந்தாலும் என் வாய்க்கு ஆகாது. இந்தச் சோதனை செந்தமிழுக்கும் உண்டு. தூய தமிழில் புறங்கூறுவோரை நான் கண்டிருக்கிறேன். கொச்சைத் தமிழில் ஆறுதல் சொல்வோரையும் கண்டிருக்கிறேன். 'செம', 'வேற லெவல்' என்று நண்பனின் தேர்ச்சியைப் பாராட்டும் பிள்ளை, அதன் பொருளை எவர் முன்னும் மகிழ்ந்து சொல்வான். எனவே அவன் சொல்லை நான் திருத்தப் புறப்பட வேண்டியதில்லை.

இதைத்தான் அந்தப் பேரனிடமும் சொன்னேன். அறிவுரையாகச் சொல்லவில்லை, என் பொய்யை முதலில் அவனிடம் ஒப்புக்கொண்டேன். "உங்க ஆச்சி என்கிட்டப் பொருள் கேட்டாங்க, சொல்ல முடியாம மாத்திச் சொல்லிட்டேன். நீ எழுதின சொல்லு, நீ போய்ச் சொல்லுதியா?" என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. "அவங்களப் பத்தித் தப்பா நினைச்சு எழுதல சார். எல்லாரும் எழுதுததுதான்" என்றான். அவன் சொன்னது உண்மை. அவன் ஆச்சியை நேசிப்பவன். மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவனும் அவன்தான். எல்லாரும் எழுதுவதால் எடை பார்க்காமல் எழுதிவிட்டான். நம் தலைமுறையில் மட்டும் எடை பார்த்தா பேசினோம்? ஊனத்தையும் நிறத்தையும் சாதியையும் பட்டப்பெயராக்கிப் பள்ளி முற்றத்தில் கூவியவர்கள்தாமே நாம்! அன்று படம்பிடிக்கக் கருவி இல்லை என்பதே வேறுபாடு.

படத்தை அவன் நீக்கினான். பிறருக்குப் போனதை அவனால் திரும்ப அழைக்க இயலவில்லை. அது அவனுக்கு இப்பொழுது தெரியும். அன்று மாலை அவன் ஆச்சியருகே அமர்ந்து, 'இஸ்பிரீத்து சாந்து' என்றால் என்ன என்று கேட்டானாம். அது நானூறு ஆண்டுகளுக்கு முன் கடல் தாண்டி வந்த போர்த்துகீசியச் சொல் என்பது ஆச்சிக்குத் தெரியாது. ஆனால் பொருள் சொன்னார்: "நமக்குள்ள இருந்து நல்லதச் சொல்லுத சாமி." இறையியலார் பலர் இதைவிட அதிகம் எழுதியிருக்கிறார்கள், சிறப்பாக எழுதினார்களா என்று தெரியவில்லை. அந்தப் பொருளை அவர் எவர் கண்ணைப் பார்த்தும் சொல்வார்.

பெந்தகோஸ்து நாளில் தூய ஆவி ஒரு புதிய மொழியை உண்டாக்கி எல்லாரையும் அதற்குள் இழுக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் பேச்சிலேயே கேட்டனர். அன்றைய அருஞ்செயல் பேசியவர் நாவில் பாதி, கேட்டவர் செவியில் பாதி. இளையோர் சொல்லுக்குச் செவிசாய்க்காமல் முகம் சுளிக்கும் முதியோரும், முதியோர் செபத்தைக் கேட்காமல் நகைக்கும் இளையோரும் அந்த மாடி அறைக்கு வெளியேதான் நிற்கிறோம்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. நான் சொன்ன பொய்யை ஆச்சியிடம் திருத்த வேண்டும் என்று போனேன். திண்ணையில் அமர்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும், "இந்தக் கண்ணாடி ரொம்ப கிரிஞ்சாப் போச்சு வாத்தியாரய்யா, மாத்தணும்" என்றார். பேரன் உள்ளிருந்து சிரித்தான். இம்முறை அச்சிரிப்பில் முள் இல்லை. அந்த வீட்டில் அச்சொல்லுக்குப் 'பழசு' என்பதே பொருளாகிவிட்டது. ஆங்கிலத்தில் அச்சொல்லின் பழம்பொருள் உடலை வளைத்துக் குனிவது என்று படித்திருக்கிறேன். முற்றத்தில் முன்னே வளைந்து செபித்த ஆச்சிக்கு அப்பொருள் பொருந்தவே செய்கிறது.

திருத்தச் சென்ற நான் திருத்தாமலே திரும்பினேன். அது சரியா என்று இன்றும் என் மனச்சான்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்று முதல் ஒரு வழக்கத்தை மேற்கொண்டுள்ளேன். யாரைப் பற்றியேனும் ஒரு சொல் நாவின் நுனிக்கு வரும்போது, அவர் எதிரே நின்று, "அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பதாக எண்ணிக்கொள்கிறேன். பல சொற்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன.